புட்டிக்குள் அடைபட்ட மூச்சு

தில்லியில் குடியேறிய நம்மவர் இல்லங்களில், மார்கழி தை மாதங்கள் வந்துவிட்டால் ஒரு கவலை தவறாமல் தலைகாட்டும். மாலையில் அரைத்து வைத்த இட்டிலி மாவு, மறுநாட் காலையில் பொங்காமல், வைத்தது வைத்தபடியே கிடக்கும். கம்பளியால் போர்த்துவாரும், அடுப்பின் அருகே ஒதுக்கி வைப்பாருமாக அவரவர் ஒரு வழி கண்டிருக்கின்றனர். சித்திரை வைகாசியிலோ நிலைமை நேர்மாறு. சில மணி நேரத்துக்குள் மாவு பாத்திரத்தை மீறி வழிந்து, மூடியையும் தள்ளிக்கொண்டு நிற்கும். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்கள் மாவில் உள்ள சத்தை உண்டு வாயுவை வெளியிடுகின்றன. குளிரில் அவை சோம்பிக் கிடக்கின்றன, வெப்பத்தில் விரைந்து தொழில் புரிகின்றன. நம் பெண்மணிகள் நாள்தோறும் கையாளும் இந்தச் சிறு பாடத்தை நான் மறந்ததனால் விளைந்த ஒரு நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் அண்டை வீட்டில் இருந்த ஆங்கிலோ-இந்திய மூதாட்டி ஒருவர், இஞ்சி, சர்க்கரை, எலுமிச்சம்பழச் சாறு ஆகியவற்றோடு சிறிது ஈஸ்ட் சேர்த்துச் செய்யும் ‘ஜிஞ்சர் பீர்’ என்ற பானத்தின் பக்குவத்தை எனக்கு எழுதிக் கொடுத்தார். பெயரில் பீர் என்று இருந்தாலும் அது சிறுவரும் விரும்பிப் பருகும் இனிப்புப் பானமே. பழைய சர்பத்துப் புட்டிகள் பன்னிரண்டைக் கழுவி, பானத்தை நிரப்பி, தக்கையிட்டு, தக்கை தெறித்து விடாதபடி கம்பியாலும் இறுகக் கட்டி, அடுக்களைப் பரணில் ஏற்றி வைத்தேன். அது மே மாதம். நான்காம் நாள் நள்ளிரவில் துப்பாக்கி வெடித்தாற்போல் ஓர் ஓசை. அதனைத் தொடர்ந்து மேலும் இரண்டு. விளக்கை ஏற்றிப் பார்த்தபோது அடுக்களைத் தரை முழுவதும் கண்ணாடிச் சில்லுகள். ஒரு சில்லு மரக்கதவில் ஆழப் பதிந்திருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் என் மகள் தண்ணீர் அருந்த அங்கே சென்று திரும்பியிருந்தாள்.

என் மனைவி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “மாவு பொங்கினால் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. நீங்கள் மூடியையே கம்பியால் கட்டிவிட்டீர்களே, உள்ளே இருப்பது எங்கே போகும்?” என்று ஒன்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டவன், இதே கேள்வியை நெடுங்காலமாக ஆராய்ந்து தெளிந்த ஒரு கூட்டத்தாரிடம் போய்ச் சேர்ந்தேன். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தம் வீட்டிலேயே பீர் காய்ச்சுவோரே அவர்கள்.

சட்டமும் நாமும்

இவ்விடத்தில் ஒரு விளக்கம் வேண்டும். மது அருந்துமாறு எவரையும் தூண்டுவது இக்கட்டுரையின் கருத்தன்று. நம் அரசியலமைப்பில் மதுவகைகள் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. உரிமம் இன்றி மதுவைத் தயாரிப்பது பெரும்பாலான மாநிலங்களில் குற்றமாகும். ஆதலின் இங்கே யாரும் வீட்டில் பீர் காய்ச்ச முற்படலாகாது. இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு இருந்த உரிமக் கட்டுப்பாடு 1963-ஆம் ஆண்டில் நீங்கியது. அமெரிக்காவில் அதற்கான சட்டத்தில் குடியரசுத் தலைவர் கார்ட்டர் 1978-இல் கையொப்பமிட்டார். அந்நாடுகளில் ஆயிரக்கணக்கானோர் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டு, புட்டி வெடிக்காமல் நுரை பெறும் வழிகளைத் துருவித் துருவி ஆராய்ந்துள்ளனர். அவர்களுடைய அனுபவத்தை நம் இஞ்சிப் பானத்துக்குப் பயன்படுத்திக் கொள்வதில் தவறில்லை அன்றோ?

குமிழி பிறந்த வரலாறு

பீரிலும் சோடாவிலும் இட்டிலி மாவிலும் பொங்குவது ஒரே வாயு; கரியமில வாயு எனப்படுவது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், 1767-ஆம் ஆண்டில், ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர் ஒரு பீர்ச் சாலையின் அருகில் வாழ்ந்தார். நொதித்துக் கொண்டிருந்த தொட்டிகளின் மேற்பரப்பில் தேங்கி நின்ற வாயுவில் தண்ணீரை வைத்தும், பாத்திரம் விட்டுப் பாத்திரம் ஊற்றியும் பார்த்தபோது, அந்நீர் இனிய சுறுசுறுப்பான சுவை பெற்றதை அவர் கண்டார். 1772-இல் அம்முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். 1783-இல் ஜினீவாவில் ஜேக்கப் ஷ்வெப் என்பவர் இதனைத் தொழிலாக்கினார். 1803-இல் வில்லியம் ஹென்றி என்பவர், ஒரு நீர்மத்தில் கரையும் வாயுவின் அளவு அதன்மேல் உள்ள அழுத்தத்துக்கு ஏற்ப மிகும் என்ற விதியை வகுத்தளித்தார்.

நம் ஊர்க் கோலி சோடா, இந்த விதியைக் கண்ணாடியில் வார்த்து வைத்தாற்போன்றது. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற அந்தப் புட்டியில், உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளி வாயை மூடிக்கொள்ளுகிறது. தில்லித் தெருக்களில் ‘பண்ட்டா’ என்று விற்கப்படுவதும் அதே புட்டிதான். பெயர் மாறினாலும், கோலியைக் கட்டை விரலால் அழுத்தும்போது எழும் ஓசை மாறுவதில்லை.

அளவே உயிர்நாடி

இனி, புட்டி வெடித்ததன் காரணத்துக்கு வருவோம். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை உண்டு, ஏறத்தாழப் பாதியைச் சாராயச் சத்தாகவும், பாதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கணக்கு எளிது. 4 கிராம் சர்க்கரையிலிருந்து 2 கிராம் வாயு பிறக்கும். அந்த 2 கிராம் வாயு, அடைபடாமல் விட்டால், ஏறத்தாழ ஒரு லிட்டர் இடத்தை நிரப்பும்.

பீர் காய்ச்சுவோர் முதலில் பானத்தில் உள்ள சர்க்கரை முழுவதையும் திறந்த வழியுள்ள கலத்தில் ஈஸ்ட் உண்டு தீர்க்கும்வரை காத்திருக்கின்றனர். அதன் பின்னரே புட்டியில் அடைக்கும் நேரத்தில், லிட்டருக்கு 6 கிராம் அளவில் புதிய சர்க்கரை சேர்க்கின்றனர். அதிலிருந்து ஒன்றரை லிட்டர் வாயு பிறக்கிறது. பானத்தில் முன்னரே கரைந்திருக்கும் வாயுவையும் கூட்டினால், லிட்டருக்கு இரண்டரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகிறது. இதமான நுரைக்கு அது போதும்.

நான் செய்ததோ வேறு. லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை. அதனோடு உயிருள்ள ஈஸ்ட். அதன்மேல் இறுகக் கட்டிய கம்பி. அந்தச் சர்க்கரை முழுவதும் நொதித்திருக்குமானால், ஒரு லிட்டர் புட்டிக்குள் 25 லிட்டர் வாயு பிறந்திருக்க வேண்டும். தேவையைப் போலப் பத்து மடங்கு. அத்துணை அழுத்தத்தைத் தாங்கும் சர்பத்துப் புட்டி உலகில் இல்லை. அது நான்கு நாள் பொறுத்ததே வியப்பு.

இதனோடு வெப்பமும் சேர்ந்துகொண்டது. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர், உறைநிலையை ஒட்டிய குளிரில் ஏறத்தாழ 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொள்ளும். 20 பாகையில் 0.9 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 பாகையில் அரை லிட்டரே. நீர் ஏற்க மறுக்கும் வாயு புட்டியின் சுவரைத் தாக்குகிறது. முறைப்படி நுரையேற்றிய பீர்ப்புட்டியினுள் 20 பாகையில் ஏறத்தாழ ஒரு மோட்டார் வண்டிச் சக்கரத்தில் உள்ள அழுத்தம் இருக்கும். அதே புட்டியைத் தில்லியின் மே மாதப் பரணில் வைத்தால் அவ்வழுத்தம் இரு மடங்கை எட்டும். சென்னையில் ஒரு காலத்துக்குப் பொருந்திய பக்குவம், இங்கே ஒரே ஆண்டில் குளிரும் வெயிலுமாக இருவேறு ஊர்களைச் சந்திக்க வேண்டியிருக்கிறது.

நுரையேற்றும் ஐந்து வழிகள்

வீட்டில் பீர் காய்ச்சுவோர் கைக்கொள்ளும் வழிகள் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு.

முதலாவது, நொதித்தல் முடியுமுன்பே அடைத்துவிடுதல். எஞ்சிய சர்க்கரையே நுரையைத் தரும். மிகப் பழைய முறை இது, செலவற்றது, ஆனால் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதைத் துல்லியமாக அறியாதவன் கையில் மிகுந்த ஆபத்தானது. நான் அறியாமல் கையாண்டது இதுவே.

இரண்டாவது, ஒவ்வொரு புட்டியிலும் தனித்தனியே சர்க்கரை இடுதல். அரை லிட்டர் புட்டிக்கு 3 கிராம் போதும். ஆனால் கரண்டியால் அள்ளுவோர் கை ஒருபோல் இராது. தலைதட்டிய ஒரு தேக்கரண்டியே 4 கிராம் கொள்ளும். குவித்து எடுத்தால் 6 கிராமைத் தாண்டும். எனவே ஒரு புட்டி சப்பென்றும், அடுத்த புட்டி பொங்கி வழிவதாகவும் அமையும். அளந்து செய்த சர்க்கரை வில்லைகளை இட்டால் இக்குறை நீங்கும். நாலைந்து புட்டி மட்டும் செய்வோர்க்கு அதுவே வசதி.

மூன்றாவது, கலம் முழுவதற்கும் ஒருசேரச் சர்க்கரை கலத்தல். 20 லிட்டர் பானத்துக்கு 120 கிராம் சர்க்கரையைத் தராசில் நிறுத்து, சிறிது நீரில் கொதிக்கவைத்து ஆற்றி, தூய கலம் ஒன்றின் அடியில் ஊற்றி, அதன்மேல் பானத்தைக் குழாய் வழியாக மெல்ல இறக்குவர். வண்டல் பழைய கலத்திலேயே தங்கிவிடும். எல்லாப் புட்டிகளும் ஒரே அளவு நுரை பெறும். ஒரே ஒரு தராசும், இன்னொரு கலமும் இருந்தால் போதும். பெரும்பாலோர் இறுதியில் வந்து சேரும் முறை இதுதான்.

நான்காவது, ஜெர்மானியர் மரபு. பவேரியாவில் 1516-ஆம் ஆண்டு ஆணை, பீருக்கு வாற்கோதுமை, ஹாப்ஸ் என்னும் கொடியின் பூ, தண்ணீர் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. அவ்வழி வந்தவர்கள், சர்க்கரைக்குப் பதிலாக, நொதிக்காத வாற்கோதுமைக் கஷாயத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருந்து புட்டியில் அடைக்கும்போது சேர்க்கின்றனர். அதனை அவர்கள் ‘உணவு’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவது சுவையானது. இம்முறைக்குக் கணக்கு மிகுதி; கஷாயத்தில் உள்ள சர்க்கரையின் அளவை அறிந்தே சேர்க்க வேண்டும்.

ஐந்தாவது, வாயுவை வெளியிலிருந்து செலுத்துதல். நன்கு குளிர்ந்த பானத்தை உலோகக் கலத்தில் அடைத்து, உருளையிலிருந்து கரியமில வாயுவை அளந்த அழுத்தத்தில் செலுத்தி, பின்னர் புட்டிக்கு மாற்றுவர். சில நாட்களில் வேலை முடிகிறது, வண்டல் இல்லை, நுரையை விரும்பிய அளவில் நிறுத்தலாம். ஆனால் உருளை, அழுத்தமானி, தனிக் குழாய்கள் எனச் செலவு மிகுதி. அன்றியும், காற்றோட்டமற்ற அறையில் அந்த வாயு கசிந்து தேங்கினால் மூச்சுத் திணறி உயிருக்கே ஊறு நேரக்கூடும்.

சர்க்கரையை நம்பும் முறைகளில் பொறுமை வேண்டும். 20 பாகையை ஒட்டிய வெப்பத்தில் இரண்டு முதல் மூன்று வாரம் செல்லும். குளிர் மிகுந்தால் இன்னும் தாமதமாகும். அடியில் மெல்லிய வண்டல் படியும். ஊற்றும்போது கடைசி வாயளவைப் புட்டியிலேயே விட்டுவிட வேண்டும்.

எதனைத் தெரிந்தெடுப்பது?

எந்த முறை சிறந்தது என்ற கேள்விக்கு அனுபவசாலிகள் உடனே விடை தருவதில்லை. அவர்கள் திருப்பி மூன்று கேள்விகள் கேட்கின்றனர். நொதித்தல் முடிந்துவிட்டது என்பதை எப்படி அறிந்தாய்? எந்தப் புட்டியில் அடைக்கிறாய்? எவ்வளவு காலம், எந்த இடத்தில் வைக்கப் போகிறாய்?

முதற் கேள்விக்கு விடை அடர்த்திமானி. அதனைப் பானத்தில் மிதக்கவிட்டு, இரண்டு மூன்று நாள் இடைவிட்டுப் பார்த்தும் அளவு மாறாதிருந்தால்தான் சர்க்கரை தீர்ந்தது என்று கொள்ளலாம். குமிழி எழவில்லை என்பது மட்டும் சான்றாகாது. குளிரால் ஈஸ்ட் உறங்கிக் கிடந்தாலும் குமிழி எழாது. தை மாதத்தில் உறங்கிய ஈஸ்ட், பங்குனியில் விழித்துக்கொள்ளும்.

இரண்டாவது கேள்விக்கு விடை, நுரைப் பானத்துக்கென்றே செய்த புட்டி. 1892-இல் வில்லியம் பெயின்டர் கண்ட சோடா மூடி பொருந்தும் தடித்த, உருண்டையான புட்டியே கண்ணாடியில் ஏற்றது. சர்பத்து, ஊறுகாய், தேன் ஆகியவை வந்த புட்டிகளும், சதுர வடிவப் புட்டிகளும், விளிம்பு சிதைந்தவையும் அறவே ஆகா. மூன்றாவது கேள்விக்கு விடை, இருட்டும் குளிர்ச்சியுமான இடம், மூடியுள்ள பெட்டி. பரண் அன்று.

நம் இல்லத்துக்கு உகந்தது

பீரும் இஞ்சிப் பானமும் ஒரு முக்கியமான இடத்தில் வேறுபடுகின்றன. பீரில் சர்க்கரை தீர்ந்த பிறகு அளந்து சேர்க்கலாம். இஞ்சிப் பானத்திலோ இனிப்பு எஞ்சியிருக்க வேண்டும். ஆகவே ஈஸ்ட்டுக்கு என்றும் உணவு இருந்துகொண்டே இருக்கும். இதனால்தான் அது பீரைவிட எளியது போலத் தோன்றி, பீரைவிட ஆபத்தாக முடிகிறது. நம் நாட்டில் பதநீர் இறக்குவோர் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி நொதிப்பைத் தடுப்பதை நினைவுகூர்க. நம் அடுக்களையில் நொதிப்பை அடக்கி வைக்க இருக்கும் கருவி குளிர்சாதனப் பெட்டி ஒன்றே. அதுவும் ஈஸ்ட்டைக் கொல்வதில்லை, உறங்கவே வைக்கிறது.

ஈஸ்ட் முறையை விரும்புவோர் கண்ணாடியை விட்டு, சோடா வகைகள் வந்த பிளாஸ்டிக் புட்டியைக் கொள்க. ஒரு லிட்டருக்கு 30 கிராம் இஞ்சியைத் துருவிக் கொதிக்கவைத்து வடிகட்டி, 80 கிராம் சர்க்கரையும் ஓர் எலுமிச்சம்பழத்தின் சாறும் கலந்து, நன்கு ஆறிய பின் இரு விரலால் எடுக்கும் சிட்டிகை அளவு ஈஸ்ட் சேர்த்து, மேலே நான்கு விரற்கடை இடம் விட்டு மூடுக. புட்டியை அவ்வப்போது கையால் அமுக்கிப் பார்க்க வேண்டும். அமுக்க இயலாதபடி கெட்டியானவுடன், ஒரு கணமும் தாமதியாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுக. தில்லிக் கோடையில் இதற்கு ஒரு பகற்பொழுதே போதியதாகலாம். தை மாதத்தில் பல நாள் செல்லலாம். எனவே நாட்கணக்கை நம்பலாகாது. கையையே நம்ப வேண்டும். ஒரு வாரத்துக்குள் பருகி முடிக்க வேண்டும். நாள்தோறும் மூடியைச் சற்றே திருகி வாயுவை வெளியேற்றுவது நன்று.

இம்முறையில் ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. புட்டி கெட்டிப்படும் அளவுக்கு, அதாவது லிட்டருக்கு 3 லிட்டர் வாயு பிறக்கும் அளவுக்கு, நொதித்தால், 12 கிராம் சர்க்கரை செலவாகி 6 கிராம் அளவுக்குச் சாராயச் சத்தும் உண்டாகிறது. சிறிதே என்றாலும் அது இல்லை என்று சொல்வதற்கில்லை. குழந்தைகள் உள்ள இல்லங்களிலும், விரதமும் நியமமும் காப்போர் இல்லங்களிலும் இம்முறை வேண்டுவதில்லை.

அத்தகையோர்க்கு ஐந்தாவது வழியே உகந்தது. அதற்கு உருளையும் குழாயும் தேவையில்லை. 100 கிராம் இஞ்சியைத் தட்டி, கால் லிட்டர் நீரில் நன்கு கொதிக்கவைத்து வடித்து, 250 கிராம் சர்க்கரை சேர்த்துப் பாகாக்கி, ஆறியபின் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து குளிரில் வைத்துக்கொள்ளலாம். விருந்தினர் வந்தபோது, குவளையில் இரண்டு மூன்று கரண்டி பாகை விட்டு, சில்லென்ற சோடாவைக் குவளையின் ஓரமாக ஊற்றினால் போதும். சோடாவை வீட்டிலேயே செய்ய விரும்புவோர், 8 கிராம் வாயு அடங்கிய சிறு குப்பிகளை ஏற்கும் சைபன் கூஜாவைப் பயன்படுத்தலாம். ஒரு குப்பி ஒரு லிட்டருக்குச் சரியான அளவு. தண்ணீரை முன்னரே நன்கு குளிர வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கலாகாது. வெதுவெதுப்பான நீரில் வாயு கரைய மறுத்துவிடும்.

இனிக் கடைசியாக ஓர் எச்சரிக்கை. கண்ணாடிப் புட்டியில் அழுத்தம் மிகுந்துவிட்டதென்ற ஐயம் எழுந்தால், அதனை எடுத்துக் குலுக்கியோ, வெயிலில் வைத்தோ பார்க்க வேண்டா. உறையவைக்கும் பகுதியிலும் வைக்க வேண்டா. உறைந்த நீர் விரிந்து அதுவே புட்டியை உடைக்கும். குழந்தைகளை அப்புறப்படுத்தி, கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிந்து, கனத்த போர்வையால் புட்டியைச் சுற்றி மூடிக் குளிரச் செய்த பிறகே மூடியை நெகிழ்த்த வேண்டும்.

அந்த இரவுக்குப் பின் எங்கள் பரணில் புட்டிகள் ஏறவில்லை. இஞ்சிப் பாகு மட்டும் ஆண்டு முழுவதும் இருக்கிறது. சென்ற கோடையில் ஊரிலிருந்து வந்த உறவினர் ஒருவர் அதனைப் பருகிவிட்டு, “இவ்வளவு நன்றாக இருக்கிறதே, புட்டிகளில் அடைத்து வைத்துக்கொள்ளக் கூடாதா?” என்று வினவினார். நான் விடை கூறவில்லை. என் மகள் அவரை அடுக்களைக்கு அழைத்துச் சென்று, கதவில் இன்றும் தெரியும் அந்த வடுவைக் காட்டினாள்.